எஸ். ஒச்சப்பன் பெயருக்கு ஓர் உத்தரவு

கரடிச்சோலை எஸ்டேட்,
போடிமெட்டு வழி.
6-2-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி சின்ன ஒச்சப்பன் எழுதுவது. இங்கே காலையில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிறது. மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பெரியப்பாவுக்கு வாதத்தில் விழுந்த இடது கை கொஞ்சமாவது அசைகிறதா? மதினி சுகந்தானா? எங்கம்மா வெறும் வயிற்றில் வெற்றிலை போடுவதை நிறுத்தினாளா என்று மறைக்காமல் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர்தான். "ஒச்சப்பா, கோயமுத்தூரிலிருந்து ரெண்டாவது டீசல் என்ஜின் வருது. ரெண்டையும் நீதான் பார்க்கணும். ஏப்ரல் ஒண்ணுலருந்து பெர்மனெண்டு. ஓடு போட்ட வீடு தர்றேன். எந்தா, சம்மதமோ?" என்றார். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

அண்ணே, உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. இந்த என்ஜின் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வந்த புதிதில் இது ஒரு நாளைக்கு மூன்று தடவை நிற்கும். இப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தத்தை வைத்து, எண்ணெய் குறைகிறதா, தண்ணீர் சூடாகிறதா என்று சொல்லிவிடுவேன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு விளக்கு, கூலிக்காரர் லயத்துக்குத் தண்ணீர் எல்லாம் இதை நம்பித்தான்.

ஆனால் நவம்பரில் நாம் இரண்டு பேரும் மதுரைக்குப் போய் எழுதின சர்க்கார் ஒயர்லெஸ் டெஸ்ட் இருக்கிறதே, அதற்குப் பதில் வந்தால் என்ன செய்வது? இங்கே சரி என்று சொன்ன பிறகு அங்கே கூப்பிட்டால்? இங்கே வேண்டாம் என்று சொன்ன பிறகு அங்கே கூப்பிடாவிட்டால்? யோசித்து எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சின்ன ஒச்சப்பன்


போடிநாயக்கனூர்,
14-2-1955

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். அப்பாவின் இடது கை அப்படியேதான் இருக்கிறது. பேச்சு மட்டும் தெளிந்திருக்கிறது. உன் மதினி சந்திரவல்லி கஞ்சி கொண்டுபோனால் "உப்பு எங்கடி ஆத்தா, கடலுக்கே போயிருச்சா?" என்று கேட்கிறார். இதுவே பெரிய முன்னேற்றம் என்கிறார் வைத்தியர். சித்தி வெற்றிலையை நிறுத்தவில்லை. ஒளித்துவைத்துப் போடுகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் இரண்டு ஆட்களைச் சொல்கிறேன். நீயே எடை போட்டுக்கொள்.

எங்கள் ஏலக்காய்க் கடையில் தராசு பிடிக்கிற மொக்கச்சாமி அண்ணனை உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அதே தராசு. காயைக் கையில் அள்ளினாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். போன வாரம் முதலாளியின் மருமகன் புதுத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். "மொக்கச்சாமி, நாளையிலருந்து நீ வர வேணாம்ப்பா" என்றான், கணக்கிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல். அடுத்த நாள் காலையில் மொக்கச்சாமி அண்ணன் வழக்கம்போல வந்துவிட்டார். வாசல் வரைக்கும் வந்தவருக்கு அப்போதுதான் நினைப்பு வந்தது. கொஞ்ச நேரம் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாங்கள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொருவர், மேலத்தெருவில் இருக்கிற சின்னமுத்து. தந்திக் கம்பி லைன்மேனாக இருந்து, கம்பத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர். மூன்று வருஷம் வேலைக்கே லாயக்கில்லை. அப்போதும் அவரை யாராலும் வர வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொல்வதற்கு ஐந்து ஆபீஸில் கையெழுத்து வேண்டும். ஐந்தாவது ஆபீஸ் கையெழுத்துப் போடுவதற்குள் மனுஷன் ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது மாசா மாசம் பென்ஷன் வாங்குகிறார்.

உன் என்ஜின் நல்லதுதான். ஆனால் தம்பி, வாரத்துக்குப் பிடித்த மாட்டை எவ்வளவு அருமையாகக் குளிப்பாட்டினாலும் கயிறு இன்னொருத்தன் கையில்தானே இருக்கிறது. முடிவு உன்னுடையது. நான் எடையை மட்டும் போட்டுக் காட்டினேன்.

உன் அண்ணன்,
பெரிய ஒச்சப்பன்


கரடிச்சோலை,
3-3-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். பெரியப்பா உப்பு கேட்டதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். மொக்கச்சாமி அண்ணன் சமாசாரத்தைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நீங்கள் இரண்டு ஆட்களைச் சொன்னீர்கள். நானும் ஒருவரைச் சொல்கிறேன். இங்கே ரோட்டு வேலைக்கு வருகிற சர்க்கார் மேஸ்திரி ஒருவர், தேவாரம் ஊர்க்காரர். ஏழு வருஷமாக டெம்பரவரி. "நெரந்தரமா டெம்பரவரிப்பா நானு. வருசா வருசம் மார்ச்சு கடைசியில போ ஆத்தா, ஏப்ரலு ஒண்ணுல வா ஆத்தாங்கிற சோலி" என்கிறார். ஒயர்லெஸ் வேலையும் முதல் மூன்று வருஷம் டெம்பரவரி என்றுதானே விளம்பரத்தில் போட்டிருந்தது? அஸ்ஸாமில் கொண்டுபோய்ப் போட்டால் எங்கம்மாவை யார் பார்ப்பது? இங்கிருந்து என்றால் ஜீப்பு பிடித்தால் அரை நாளில் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஸ்டோரில் வேலை செய்கிற அய்யம்மாள் நேற்று, "பெர்மனெண்டுன்னா என்னாப்பா?" என்று கேட்டாள். போகச் சொல்ல மாட்டார்கள் என்று அர்த்தம் என்றேன். "அப்ப நானுந்தான் பெர்மனெண்டு. இருவது வருசமா எவனும் போகச் சொல்லல. எங்க போகன்னுதான் தெரியல" என்றாள்.

மனசு எஸ்டேட் பக்கம்தான் சாய்கிறது அண்ணே. அந்த டெஸ்டில் எனக்கு வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. நிமிஷத்துக்குப் பதினாறு வார்த்தைக்கு மேல் என் கை ஓடவில்லை. நீங்கள் இருபத்திரண்டு அடித்தீர்கள். பட்டாளத்து சிக்னலில் பழகின கை. எனக்கே சட்டுவத்தால் அம்மியைத் தட்டித்தான் தந்தி அடிக்கிற கட்டுக்கட பாஷையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். வந்தால் உங்களுக்குத்தான் வரும். நீங்கள் போங்கள். நான் இங்கேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
சின்ன ஒச்சப்பன்


போடிநாயக்கனூர்,
21-3-1955

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

உத்தரவு வந்துவிட்டது. இன்று பத்து மணிக்குத் தபால்கார யூனுஸ் பாய் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "எஸ். ஒச்சப்பன்னு இருக்கு. இது எந்த ஒச்சப்பன்? ஒங்க தாத்தன் பேர ரெண்டு பேருக்கும் வச்சுப்புட்டு என் உசுர வாங்குறீகளேப்பா" என்று சத்தம் போட்டார். "என்ன செய்ய பாய், தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேருன்னு வழக்கம். எங்கப்பா சுருளிக்கும் தலைப்பிள்ளை ஆண், எங்க சித்தப்பா சோணைக்கும் தலைப்பிள்ளை ஆண்" என்றேன். தமிழில் எழுதினால் நான் சு., நீ சோ. இங்கிலீஷ்காரன் எழுத்தில் இரண்டு பேரும் எஸ். மனுவில் இரண்டு பேரும் இந்த வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்தோம். பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "யாராயிருந்தா என்னா, வீட்டுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகம் வந்துச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

தம்பி, இது உனக்கு வந்தது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குச் சென்னை ஆபீஸில் ஆஜராக வேண்டும். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோக வேண்டும். உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். கவருக்குள் இந்த ஒரு தாள்தான் இருந்தது. தட்டியும் பார்த்துவிட்டேன், வேறொன்றும் இல்லை.

சித்தி அழுதாள். சந்தோஷம்தான். அப்பா மட்டும் "எந்த ஒச்சப்பனுக்குடா?" என்று மூன்று தடவை கேட்டார். சின்னவனுக்கு என்றேன்.

உன் அண்ணன்,
பெரிய ஒச்சப்பன்


கரடிச்சோலை,
26-3-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உத்தரவைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இது எனக்கு வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தாளின் மூலையில் 118 என்று டெஸ்ட் நம்பர் போட்டிருக்கிறது. என் ஹால் டிக்கெட்டை அன்றைக்கே மதுரை ஸ்டேஷனில் தொலைத்துவிட்டேன். நூற்றுப் பதினேழா, பதினெட்டா, அதுகூட நினைவில்லை. நாம் முன்பின்னாகத்தானே உட்கார்ந்திருந்தோம்? உங்கள் நம்பர் என்ன? உங்கள் டிக்கெட்டை நீங்கள் டிரங்குப் பெட்டியில் வைத்ததைப் பார்த்த ஞாபகம்.

முப்பத்தொன்றாம் தேதி மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும். புது என்ஜின் நேற்று வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் எனக்காக வைத்திருக்கிறார்கள். நம்பரை மட்டும் உடனே எழுதுங்கள். எஸ்டேட் ஜீப்பு புதன்கிழமை போடிக்கு வரும். டிரைவரிடம் கொடுத்தாலும் போதும்.

உங்கள் தம்பி,
சின்ன ஒச்சப்பன்


போடிநாயக்கனூர்,
30-3-1955

அன்புத் தம்பிக்கு,

ஜீப்பு டிரைவர் காத்திருக்கிறார், வெரசா எழுதுகிறேன். அனைவரும் நலம்.

நம்பரைப் பற்றி நீ கவலைப்படாதே. என் நம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

சின்ன வயசில் நமக்கு ஒரே சட்டைதான் எடுப்பார்கள். யாருக்கு என்று கேட்டால் தாத்தா, "ஒச்சப்பனுக்கு" என்பார். அன்றைக்கு யார் வெளியே போகிறோமோ அவர் போட்டுக்கொள்வோம். சட்டை ஒருநாளும் தப்பான ஆளிடம் போனதில்லை. இதையும் அப்படியே நினைத்துக்கொள். ராத்திரி பகல் இரண்டு மணிக்கு ஒருதரம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஆம்பிளைக் கை வேண்டும். நான் இந்த ஊரை விட்டு எங்கே நகர முடியும்? கிடைத்ததை வீணாக்கக் கூடாது.

மேனேஜரிடம் மரியாதையாகச் சொல்லி, கணக்கை முடித்துக்கொண்டு வா. அவர் முகம் சுளித்தால் மொக்கச்சாமி அண்ணன் துண்டை உதறினதை நினைத்துக்கொள். மெட்ராஸில் உன்னை யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

உன் அண்ணன்,
பெரிய ஒச்சப்பன்


சென்னை, திருவல்லிக்கேணி.
11-4-1955
(கார்டு)

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் இடம் கிடைத்தது. மதினி கட்டிக்கொடுத்த புளிச்சோறு இரண்டு வேளைக்கு வந்தது. மேன்ஷன் விலாசம் மேலே இருக்கிறது. மேனேஜர் கடைசியில் கை குலுக்கினார். "புது என்ஜினை நீ பிரிச்சுப் பார்த்துட்டாவது போயிருக்கலாம்" என்றார். அது ஒன்றுதான் மனசில் கிடக்கிறது. மற்றபடி நீங்கள் சொன்னதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ். அம்மாவிடம் விவரமாகப் பிறகு எழுதுவதாகச் சொல்லுங்கள்.

சி. ஒச்சப்பன்


[திருவல்லிக்கேணிக்குப் போன அடுத்த கடிதம், "ஆள் காலி செய்துவிட்டார்" என்ற குறிப்போடு மே 24-ஆம் தேதி அண்ணனிடமே திரும்பி வந்தது.]

போடிநாயக்கனூர்,
9-5-1955

அன்புத் தம்பிக்கு,

கார்டு வந்து ஒரு மாசமாகிறது. உன் உடம்புக்கு என்ன? சித்தி தினமும் யூனுஸ் பாயை வழிமறிக்கிறாள். பாய் இப்போது பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்.

தம்பி, நான் உன்னிடம் ஒன்று மறைத்தேன். கவரில் இரண்டு தாள் இருந்தது. இரண்டாவது தாளில், இந்த இடம் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு ஒதுக்கியது, டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். 118 என் நம்பர்தான். நீ 117.

அப்பாவை விட்டு நான் போக முடியாது. போகாவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். பெயர் ஒன்று, வீடு ஒன்று, விலாசம் ஒன்று. கட்டுக்கட அடிக்க உனக்கும் தெரியும். யார் போனால் என்ன என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் உனக்கு அம்மை போட்டபோது உன் பெயருக்கு நான் "உள்ளேன் ஐயா" சொல்லவில்லையா? சர்க்கார் ஆபீஸும் அவ்வளவுதான் என்று எண்ணிவிட்டேன். மூன்று வருஷம் பட்டாளத்தில் இருந்தவனுக்கு இந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

அங்கே அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். உன் மௌனத்திலிருந்தே தெரிகிறது. உன்னை என்ன செய்தார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதில் இன்னொன்று. மே ஆறாம் தேதி, அந்த ஆபீஸ் முத்திரையோடு ரிஜிஸ்டர் தபால் ஒன்று எஸ். ஒச்சப்பன் பெயருக்கு வந்தது. பாயை நிற்கச் சொல்லிவிட்டு, கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற ஆளிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "ஆள்மாறாட்டக் கேசுக்கு நோட்டீசாத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான் கேசு பிடிக்கும். வாங்காதீக" என்றார். திரும்பி வந்து வேண்டாம் என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லு மாப்ளே, திருப்பி அனுப்பிட்டா அம்புட்டுத்தான்" என்றார் பாய். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். கவர் மேல் "வாங்க மறுத்தார்" என்று எழுதிக்கொண்டு போனார். உன்னைக் காட்டிக்கொடுக்கிற காகிதத்தில் என் கையெழுத்து விழாதே, அது போதும் என்று இருந்தது.

எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வா. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நேரில் வந்து திட்டு.

உன் அண்ணன்,
பெரிய ஒச்சப்பன்


சாந்தன்பாறை வழி.
20-6-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாசம் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன். பெரியப்பா எப்படி இருக்கிறார்? இந்தக் கடிதத்தை யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் மெட்ராஸில் இருப்பீர்கள். மதினி அங்கே அனுப்பிவைப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆபீஸில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டார். நான் பட்டாளத்துக்கே போனதில்லை என்றேன். கட்டிலிருந்து மனுவை எடுத்துப் பார்த்து, "ஒங்கப்பா பேரு என்ன?" என்றார். சோணை என்றேன். "இதுல சுருளின்னு இருக்கே" என்றார். அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உங்கள்மேல் கோபம் வரவில்லை. நான் கேட்ட நம்பரை நீங்கள் எழுதாதபோதே எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாதமாதிரி இருந்துவிட்டேன்.

"யாரு குடுத்தா இத?" என்று அதட்டினார். நீங்கள் கொடுத்ததாகச் சொன்னால் உங்களுக்கும் வேலை போய்விடும். "எங்க அண்ணனுக்கு வந்தது சார். அவருக்குத் தெரியாம நாந்தான் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். அவரும் பட்டாளத்தில் இருந்தவராம். போலீசுக்குச் சொல்லவில்லை. இனி என் பெயர் எந்த சர்க்கார் பட்டியலிலும் ஏறாது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு, "இருவத்திரண்டு வார்த்தை அடிச்ச ஆள விட மனசில்ல. ஒங்க அண்ணனுக்கு ரிஜிஸ்டர்ல மறுபடி ஆர்டர் அனுப்புறேன். மே இருவத்தஞ்சுக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்றார். வாசலுக்கு வந்தபிறகு எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது அண்ணே. போன காரியம் தப்பாகப் போய், சரியான இடத்தில் முடிந்ததே என்று.

உடனே ஊருக்கு வந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் போகமாட்டேன் என்பீர்கள். அதனால்தான் வரவும் இல்லை, எழுதவும் இல்லை. கரடிச்சோலைக்கு ஒரு நடை போனேன். ஒரு வாரத்திலேயே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். புது என்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இங்கே வேறொரு தோட்டத்தில் கூலிக்குக் காடு வெட்டுகிறேன். காய் வந்ததும் ஸ்டோரில் புகைபோடுகிற வேலை தருவதாகக் கங்காணி சொல்லியிருக்கிறார்.

பெரியப்பாவை விட்டுவிட்டுப் போனோமே என்று வருந்தாதீர்கள். தீபாவளிக்கு நான் வீட்டுக்கு வந்து அம்மாவோடு இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்துவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் தம்பி,
சின்ன ஒச்சப்பன்


போடிநாயக்கனூர்,
4-7-1955

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சித்திக்குப் படித்துக் காட்டினேன், சிலதை விட்டுவிட்டு. அவள் நன்றாக இருக்கிறாள். அப்பாவும் அப்படியே இருக்கிறார்.

பதில் எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ சொன்ன ரிஜிஸ்டர் தபால் மே ஆறாம் தேதி வந்தது. யூனுஸ் பாய்தான் கொண்டுவந்தார்.

சேர்ந்துவிட்டேன் தம்பி. இருபத்துமூன்றாம் தேதியே சேர்ந்துவிட்டேன். இரண்டு நாள் லீவில் வந்த இடத்தில் உன் கடிதத்தைப் பார்த்தேன். வேலை பழகின வேலைதான். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை. மேலே மின்விசிறி சுற்றுகிறது. அந்த அதிகாரி உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னார்.

மெட்ராஸில் எனக்கு இன்னும் நிலையான ஜாகை அமையவில்லை. நீ எழுதுவதை வீட்டு விலாசத்துக்கே எழுது. சந்திரவல்லி சேர்த்துவிடுவாள்.

தீபாவளிக்கு நீ வர வேண்டாம். எனக்கு லீவு கிடைக்காது. நான் இல்லாத வீட்டில் உனக்கு என்ன இருக்கிறது? அப்பாவைப் புரட்டுவதற்கு ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன். காய் எடுக்கிற சமயத்தில் நீ இறங்கி வந்தால் ஸ்டோர் வேலையும் கைவிட்டுப் போகும். வருகிற காலத்தை நானே எழுதுகிறேன். அதுவரை அங்கேயே இரு. அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீர் போடு. மழையில் நனையாதே.

உன் அண்ணன்,
பெரிய ஒச்சப்பன்


சாந்தன்பாறை வழி.
25-7-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சும்மா மழையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதி. உடம்பு பரவாயில்லை. காட்டு வேலையில் கை கொஞ்சம் காய்த்துவிட்டது. இனி இதை வைத்துக்கொண்டு கட்டுக்கட அடிக்க வராது. அதனால் என்ன, வீட்டுக்கு ஒரு கை போதும்.

நீங்கள் சொன்னபடி தீபாவளிக்கு வரவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள். எப்போது வரலாம் என்று நீங்கள் எழுதும்போது வருகிறேன்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். இங்கே கணக்குப்பிள்ளை வீட்டில் பாட்டரி ரேடியோ ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று பாட்டுக் கேட்போம். நேற்று அவர் கொழும்பு ஸ்டேஷனைத் தேடி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நடுவிலே கட்டுக்கட கேட்டது. எல்லாருக்கும் அது வெறும் இரைச்சல். எனக்கு எழுத்து எழுத்தாக விழுந்தது. பெரிய செய்தி ஒன்றும் இல்லை. கப்பல்களுக்குக் காற்று இந்தத் திசை, மழை இத்தனை என்று போய்க்கொண்டிருந்தது. ஆனால் அண்ணே, ஆளுக்கு ஆள் கை வேறுதானே. நீங்கள் நீளமான அடியைக் கொஞ்சம் இழுத்து, அதற்கப்புறம் மூச்சு விடுகிறமாதிரி ஒரு நொடி நிறுத்துவீர்கள். அது அப்படியே இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்குப்பிள்ளை முள்ளைத் திருப்பக் கையைக் கொண்டுபோனார். "கொஞ்சம் பொறுங்க, எங்க அண்ணன் பேசுறாரு" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார். முடியும்வரை முள் அங்கேயே நின்றது.

உங்கள் தம்பி,
சின்ன ஒச்சப்பன்